உபகாரமா, சம்பளமா?

தாம்பரம் ஸ்டேஷனில் காலை மின்சார ரயிலுக்கு நிற்கும் கூட்டத்தில் யார் குமாஸ்தா, யார் மாணவர் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். எங்கள் சேலையூர்த் தெருப் பெண் ஒருத்தி உத்தியோகம் பார்ப்பவள் என்றே வெகு நாள் எண்ணியிருந்தேன். "உத்தியோகமா? நான் இன்னும் படிக்கிறேன் மாமா!" என்று சிரித்தாள்.

விசாரித்தால், படிப்பு எது, வேலை எது என்று பிரிக்க முடியவில்லை. ரசாயனத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. அதோடு பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு லாபரட்டரி வகுப்பு, விடைத்தாள் திருத்தல், பேராசிரியர் சொல்லும் எடுபிடி வேலை. பணமோ நான்கு மாதமாக வரவில்லை. மாலையில் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு ட்யூஷன் சொல்லித்தான் ஸீஸன் டிக்கெட்டுக்கு வழி.

இந்தப் பணத்துக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் 'உபகாரச் சம்பளம்'. எவ்வளவு பொருத்தம்! வேலை வாங்கும்போது அது சம்பளம், கொடுக்காதபோது உபகாரம்.

தேசியத் தகுதிப் பரீட்சையில் தேறிய இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2014இல் மாதம் 25,000 ரூபாய் என்று வைத்தார்கள். நாலு வருஷம் அது அசையவில்லை, விலைவாசி அசைந்தது. தேசமெங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் வீதிக்கு வந்த பிறகு 2019 ஜனவரி முதல் 31,000 ஆயிற்று. மறுபடியும் மனு, மறுபடியும் போராட்டம். 2023 ஜனவரி முதல் 37,000. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு வருஷம் இரு முறை பஞ்சப்படியைக் கணக்குப் பார்க்கிறார்களே, அந்த ஏற்பாடு இதற்குக் கிடையாது. பரீட்சையில் தேறாமல் மத்திய சர்வகலாசாலைகளில் சேர்ந்தவர்களுக்கு 8,000 ரூபாய். 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்தார்கள். டில்லியில் மானியக் குழு வாசலில் மாணவர்கள் உட்கார்ந்ததால் பிழைத்தது. நம் தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுக்கு அதுவும் உரியதல்ல.

சங்கம் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், அரசியல் சட்டமே அனுமதிக்கிறது. தொல்லை அங்கீகாரத்தில்தான். 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கண்டார்கள். பின்னி கம்பெனி வாடியா பேரில் ஹைகோர்ட்டில் வழக்கே போட்டது. நூறு வருஷம் கழித்து, இங்கிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூரில், 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.

ஆலைத் தொழிலாளிக்கே இந்தப் பாடு. ஆராய்ச்சி மாணவர் கதை இன்னும் விசித்திரம். சர்வகலாசாலை தொழில் ஸ்தாபனம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் 1963இல் சொல்லிற்று. கல்வி நிலையமும் தொழில்தான் என்று 1978இல் சொல்லிற்று. ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' ஆகார் என்று 1988இல் சொல்லிற்று. வகுப்பைப் பெருக்குபவருக்கு உள்ள பாதுகாப்பு அங்கே கற்பிப்பவருக்கு இல்லை! பாதி மாணவியும் பாதி ஆசிரியையுமான நம் பெண் எந்தப் பந்தியில் உட்காருவாள்?

அமெரிக்காவில் இலை எப்போதோ போட்டாகிவிட்டது. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் போதனை உதவியாளர் சங்கம் 1970இல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் பெற்றது. 2022இல் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சுமார் 48,000 பேர் வேலையை நிறுத்தி ஊதிய உயர்வு வாங்கினார்கள். இதே ரசாயனத்துக்கு அங்கே போகும் தாம்பரத்துப் பிள்ளை சங்க உறுப்பினன் ஆகலாம்.

போன வாரம் அந்தப் பெண்ணை மறுபடியும் பிளாட்பாரத்தில் பார்த்தேன். "இரண்டு மாதப் பணம் வந்துவிட்டது மாமா" என்றாள்.

"மீதி?"

"கேட்டிருக்கிறோம்."

யாரிடம் என்று நான் கேட்பதற்குள் வண்டி வந்துவிட்டது.