கர்ப்பத்தில் எவ்வளவு எடை கூடலாம்?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் ஒரு பெண். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டும் இன்னொரு பெண். இருவரும் ஒரே மாதத்தில் கர்ப்பமாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உயரம் இருவருக்கும் 150 செ.மீ.; எடை முன்னவருக்கு 60 கிலோ, பின்னவருக்கு 40.

எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் தந்த அளவுகள் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே என்றால் பிரசவத்துக்குள் 12.5 முதல் 18 கிலோ கூடலாம், 24.9 வரை 11.5 முதல் 16, 29.9 வரை 7 முதல் 11.5, அதற்கு மேல் 5 முதல் 9. ஆக, மலைப் பெண்ணுக்கு (17.8) 12.5 கிலோவாவது ஏற வேண்டும். நகரத்துப் பெண் (26.7) 11.5-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. இரட்டைக் குழந்தை என்றால் கணக்கு வேறு. நாள் தள்ளிப்போனதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து எடை பார்த்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவது, இந்தக் கணக்கு தொடக்க எடையைப் பொறுத்தது என்பதால்தான். ஐந்தாம் மாதத்தில் போய் நின்றால் தொடக்க எடை யாருக்குத் தெரியும்?

ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும் என்று மாமியாரும் அம்மாவும் சோற்றை அள்ளி வைப்பது பாசத்தால். ஆனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (2020) கூடுதலாகச் சொல்வது நாளுக்கு 350 கலோரிதான். இரண்டு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால் அளவு. அதையும் முட்டை, சுண்டல், பயறு என்று புரதமாகச் சேர்த்தால் மேல். மலையில் விளையும் சாமையும் தினையும் நல்லவை; அவையும் தானியமே என்பதால் அளவு வேண்டும். அங்கன்வாடி சத்துமாவு கர்ப்பிணிக்கே போய்ச் சேரட்டும், வீடு முழுக்கப் பங்கு போட வேண்டாம். எடை கூடுகிறதே என்று பட்டினி கிடப்பது கூடவே கூடாது.

உடற்பயிற்சி? உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. உட்கார்ந்து வேலை பார்ப்பவர் சாப்பிட்ட பின் நடந்தாலே பெரும்பாலும் போதும். நாள் முழுக்கக் குனிந்து களை வெட்டுபவரிடம் நடக்கச் சொல்வது கொடுமை. அவருக்கு வேண்டியது ஓய்வும் இன்னொரு வேளைச் சாப்பாடும். ரத்தப்போக்கு, கீழிறங்கிய நஞ்சுக்கொடி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

ஒரே வாரத்தில் எடை திடீரென ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அது சாப்பாட்டால் வந்ததல்ல. ரத்த அழுத்தக் கோளாறாக இருக்கலாம். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் 108-ஐ அழைத்து அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.