பூவத்திலிருந்து பார்த்தால்…

எங்கள் பூவம் சிறிய ஊர். வடக்கே சென்றால் தரங்கம்பாடி. தெற்கே சென்றால் காரைக்கால். முன்னதில் 1845 வரை டென்மார்க்கின் கொடி பறந்தது. பின்னதில் 1954 வரை பிரான்சின் கொடி. அரசு சமயத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற கேள்வி இன்று உலகெங்கும் எழுகிறது. அதற்கான விடைகள் பல எங்கள் ஊர் வாசலிலேயே வந்து போயிருக்கின்றன.

டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அரசுக்கென்று ஒரு சமயம் இருந்த காலம் அது. இன்றும் அந்நாட்டு அரசியல் சாசனப்படி லூத்தரன் திருச்சபையை அரசே ஆதரிக்கிறது. மன்னரும் அச்சபையைச் சேர்ந்தவராகவே இருத்தல் வேண்டும். ஆயினும் ஞாயிறுதோறும் அங்கே ஆலயத்துக்குச் செல்வோர் மிகச் சிலரே.

பிரான்சின் கதை வேறு. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்த வேளையில், புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சு ஆட்சியினரால் இடிக்கப்பட்டது. அத்துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். அதே பிரான்ஸ்தான் 1905-இல் சட்டமியற்றி, எச்சமயத்துக்கும் அரசு பொருள் தராது என்று விலகிக்கொண்டது. 2004-இல் அரசுப் பள்ளி மாணவர்கள் வெளிப்படையான சமய அடையாளங்களை அணிவதையும் தடுத்தது. தலைப்பாகையால் சீக்கியச் சிறுவர் சிலர் பள்ளியை விட்டே விலக்கப்பட்டனர். ஆனால் அதே பாரிஸ் மாநகரில், ஆண்டுதோறும் நம் தமிழர்கள் மாணிக்க விநாயகர் தேரை வடம் பிடித்து இழுக்கிறார்கள். நடுவீதியில் சிதறுதேங்காய் உடைபடுகிறது!

நம் நாடு இவ்விரு வழிகளிலும் செல்லவில்லை. முகவுரையில் 'சமயச் சார்பற்ற' என்ற சொல் 1976-இல்தான் சேர்ந்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே சேர்ந்தது 290ஏ பிரிவு. திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு ஆண்டுக்கு 46,50,000 ரூபாயும், அங்கிருந்து தமிழகத்துக்கு வந்த கோயில்களுக்கு 13,50,000 ரூபாயும் அரசு தர வேண்டும் என்று அது விதிக்கிறது. புதுச்சேரி மாநிலத்திலோ 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசே கோயில் நிர்வாகத்தைக் கண்காணிக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கிக் கணக்குகளோடு வாழ்ந்தவன் நான். தணிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். சுவாமியின் நிலமும் நகையும் ஏட்டில் ஏறியிருப்பது நல்லதே. பூசை முறையில் அதிகாரி தலையிடாதிருந்தால் போதும்.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பாரிஸில் வாழும் என் தங்கை மகள், தன் பிள்ளைக்குக் காலையில் திருநீறு இட்டு, பள்ளிக்குப் புறப்படும்போது தானே துடைத்து அனுப்புவாளாம். காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவுக்கு அப்பிள்ளை வந்திருந்தான். பவனியில் இறைத்த மாங்கனி ஒன்றைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில், "இங்கே பள்ளிக்கூடத்துக்குத் திருநீற்றோடு போகலாமா தாத்தா?" என்று கேட்டான்.

"தாராளமாகப் போகலாம், தடுப்பார் யாருமில்லை" என்றேன்.

அருகில் சென்னையிலிருந்து வந்த என் சொந்தப் பேரன் அமர்ந்திருந்தான். பள்ளி வேன் தெருமுனையில் திரும்பும்போதே அவன் புறங்கையால் நெற்றியைத் துடைத்துவிடுவான் என்பது அவன் பாட்டிக்குத் தெரியும்; எனக்கும் தெரியும். அவன் ஒன்றும் சொல்லாமல் மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.