கணக்கைப் படிப்பது எப்படி?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய நாடு நம் நாடு. ஆயினும் உயர்நிலைப் பள்ளி மாணவர் பலருக்கு அவற்றுள் ஒரு கண் மங்கலாகவே இருக்கிறது. "எனக்குக் கணக்கு வராது" என்ற குரல் கேட்காத வகுப்பறை இல்லை. அறிவுக் குறைவு இதற்குக் காரணமன்று. கணக்கைப் படிக்கும் முறையை எவரும் சொல்லித் தராததே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

என் அண்ணன் பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியதோடு படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் படிக்காதவர் அல்லர். கைடில் உள்ள கணக்குகளை வரலாற்றுப் பாடம் போல் இரவெல்லாம் ஒப்பித்தவர். "நன்றாகப் படி" என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இருந்தது. எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களிடமும் அதே பழக்கத்தைக் காண்கிறேன். அவர்களுக்குக் கற்றுத் தரவேண்டிய பழக்கங்கள் சிலவற்றைக் காண்போம்.

பார்த்தல் வேறு, செய்தல் வேறு

செய்து காட்டிய கணக்கைப் படிக்கும்போது எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் செய்து பார்த்தால்தான் எந்தப் படியில் நின்றுவிடுகிறோம் என்பது தெரியும். புதிய பாடமானால், ஒரு மாதிரிக் கணக்கைப் படியும் காரணமுமாகப் பார்த்து, உடனே அதுபோன்ற ஒன்றைத் தானே செய்யவேண்டும். நின்ற இடத்தை மட்டும் மீண்டும் பார்த்தால் போதும்.

கலந்து செய்தல்

கூட்டுத்தொடர் வரிசைப் பயிற்சியில் எல்லாக் கணக்கும் அதே சூத்திரத்தில்தான் வரும். எனவே வினாவைப் படிக்காமலே விடை எழுதிவிடலாம்! தேர்விலோ தலைப்பு இராது. முதல் மாதம் 100 ரூபாய் சேமித்து, மாதந்தோறும் 50 ரூபாய் கூட்டிச் சேமித்தால் அது கூட்டுத்தொடர் வரிசை. மாதந்தோறும் இரட்டிப்பாக்கினால் பெருக்குத்தொடர் வரிசை. இந்த வேறுபாட்டைக் கண்டறிவதே பாதிக் கணக்கு.

அமெரிக்காவில் ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதை மெய்ப்பிக்கிறது. கன உருவங்களின் கன அளவு காணும் கணக்குகளை ஒரு பிரிவினர் வகைவகையாகவும், மற்றொரு பிரிவினர் கலந்தும் செய்தனர். பயிற்சியின்போது வகைவகையாகச் செய்தவர்களே முந்தினர். அவர்கள் 89 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ கலந்து செய்தவர்கள் 63 விழுக்காடு, மற்றவர்கள் 20 விழுக்காடுதான்! எளிதாக வந்தது நிலைக்கவில்லை. திணறிக் கற்றது நிலைத்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் புதுப்பாடக் கணக்குகளோடு பழைய பாடத்திலிருந்து இரண்டு கணக்குகளைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

திரும்பிப் பார்த்தல்

ஜார்ஜ் போல்யா என்னும் கணித அறிஞர் 1945இல் வெளிவந்த தம் நூலில் நான்கு படிகளைக் கூறினார்: வினாவைப் புரிந்துகொள்ளுதல், வழி வகுத்தல், அவ்வழியே செய்தல், திரும்பிப் பார்த்தல். நான்காவது படியை நாம் ஏறுவதே இல்லை. (a+b)² என்பதை a²+b² என்று எழுதும் மாணவன், a=2, b=3 என்று போட்டுப் பார்த்தால் ஒன்று 25, மற்றொன்று 13 என வரும். ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் தன் தவறைத் தானே காண்பான்.

தவறுக்கு ஒரு நோட்டு

விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மடித்து வைப்பது நம் வழக்கம். தவறிய கணக்கைத் தனி நோட்டில் எழுதி, ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். "எனக்குக் கணக்கு வராது" என்று அழுத ஒரு மாணவியின் நோட்டில் பத்தில் ஏழு தவறுகள் கழித்தல் குறியை விட்டதால் வந்தவை. அவளுக்கு வராதது கணக்கன்று, ஒரு சிறு கோடு!

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். படித்தவர் இருக்கும் வீட்டில் இம்முறைகளைப் பிள்ளைகள் கேட்டே அறிந்துகொள்வார்கள். மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பறையை விட்டால் வேறிடம் இல்லை. ஆகவே பாடத்தோடு படிக்கும் முறையையும் கற்பிப்போம். அன்று என் அண்ணனுக்கு அதைச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், இக்கல்லூரிக்கு எங்கள் வீட்டிலிருந்து முதலில் வந்தவர் அவராகத்தான் இருந்திருப்பார்.