விண்ணப்ப எண் சான்றிதழ் அல்ல

"ஜிஎஸ்டி எடுத்தாச்சு, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமமும் இருக்கு. அப்புறம் பிராண்டு பேரு என்னோடதுதானே?" மசாலாப்பொடி, செக்கு எண்ணெய் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இல்லை. அவை எதுவும் பெயருக்குப் பட்டா ஆகாது. கம்பெனிப் பதிவும் ஆகாது. பெயருக்கு முழுப் பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டப்படி பதிவு செய்தால்தான்.

தமிழ்நாட்டுக்கான டிரேட்மார்க் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. நேரில் போய் நிற்க வேண்டாம். விண்ணப்பத்துக்கான டிஎம்-ஏ படிவத்தை இணையத்திலேயே போடலாம். தனிநபருக்கும் உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய், மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு 9,000. மசாலா 30-ஆம் வகுப்பு; ஊறுகாய், சமையல் எண்ணெய் 29; ஹோட்டல் 43. பணம் கட்டுமுன் அதே பெயரோ, காதுக்கு அதுபோல ஒலிக்கும் பெயரோ ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். விண்ணப்பத்தை யார் பெயரில் போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். அண்ணன் பெயரில் போட்டுவிட்டுப் பாகம் பிரியும்போது அழுது பயனில்லை.

பல வருடமாக விற்கிறோம் என்று சொன்னால் பிரமாணப் பத்திரமும், தேதியுள்ள பில்களும் கேட்பார்கள். பழைய பில்களை எடைக்குப் போடாதீர்கள்.

பல விண்ணப்பங்கள் சாவது போட்டு முடித்த பிறகுதான். பதிவகம் அனுப்பும் ஆய்வறிக்கை வந்த ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். அறிக்கை எங்கே வரும்? விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு. அங்கே இருப்பதோ பிரவுசிங் சென்டர்காரரின் முகவரி! அலுவலகம் மாதக்கணக்கில் மௌனம் காக்கலாம். உங்களுக்கு ஒரு மாதம்தான். யாரும் போன் செய்து எழுப்பமாட்டார்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் கொடுங்கள். தவறாகக் கொடுத்திருந்தால் டிஎம்-எம் படிவம் போட்டு மாற்றுங்கள். விண்ணப்ப எண்ணை வைத்து மாதம் ஒருமுறை நிலவரம் பாருங்கள்.

ஆய்வு தாண்டினால் பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியாகும். அதிலிருந்து நான்கு மாதம் எவரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் உங்கள் கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் எதிர்வாதம் போடாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அவகாச நீட்டிப்பு கிடையாது. மறுபடியும் சொல்கிறேன்: மின்னஞ்சலைப் பாருங்கள். பதிவாகும்வரை பெட்டியில் 'டிஎம்' மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது சட்டப்படி தவறு.

உங்கள் பெயரை வேறொருவர் பதிந்துவிட்டாரா? அவருக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தியதை நிரூபித்தால் 34-ஆம் பிரிவு காக்கும். அவர் பதிவை நீக்க 57-ஆம் பிரிவில் மனு. முன்பு இதை விசாரித்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. இப்போது பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ போட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்து வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. அங்கேயும் முதலில் கேட்பது தேதியுள்ள பில்களைத்தான்.

பதிவு பத்து வருடத்துக்குத்தான். அது முடிவதற்குள் டிஎம்-ஆர் படிவத்தில் புதுப்பிக்க வேண்டும். "உடனே பணம் கட்டுங்கள்" என்று முத்திரையோடு வரும் கடிதங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். முதலில் பதிவகத்தின் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, கட்ட வேண்டிய தொகை உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள்.