இனப்படுகொலை மறுப்பும் அரசாங்கங்களின் இருவகை நீதியும்

2006-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள் இரண்டு செய்திகள் ஒருங்கே எழுந்தன. ஒன்று, துருக்கி நாட்டு நாவலாசிரியர் ஓர்ஹான் பாமுக்குக்கு இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசு அளிக்கப்படும் என்பது. மற்றொன்று, 1915-இல் ஆர்மீனியர்க்கு நேர்ந்தது இனப்படுகொலையன்று என மறுப்போரைத் தண்டிக்கக் கருதிய மசோதாவொன்றைப் பிரெஞ்சுப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியது என்பது. பாமுக்கோ, தம் நாட்டில் ஆர்மீனியர் பத்து இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்று ஒரு சுவிஸ் பத்திரிகைக்குக் கூறியதன் பொருட்டு வழக்கிற்கு உட்பட்டு, அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் அதனின்று விடுபட்டவர். நிகழ்ச்சி ஒன்றே. அதனை உண்டென்றவர் ஒரு நாட்டில் நீதிமன்றம் ஏறினார். இல்லையென்பாரை ஏற்றுவதற்கு மற்றொரு நாடு சட்டம் வகுக்கலாயிற்று. அரசாங்கங்கள் மெய்யைக் காக்கின்றனவா, தம் நலத்தைக் காக்கின்றனவா என்னும் ஐயம் இங்கு எழுதல் இயல்பே. அதனையே நாம் ஆராயப் புகுகின்றோம்.

நிகழ்ந்தது இன்னதென முதற்கண் சுருங்கக் கூறுவாம். 1915 ஏப்ரல் 24-ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனியப் புலவரும் தலைவரும் சிறைபிடிக்கப்பட்டனர். பின்னர் அனத்தோலியாவின் ஊர்தொறும் ஆர்மீனியக் குடிகள் வீடுகளினின்று கிளப்பப்பட்டுச் சிரியாவின் பாலைநிலம் நோக்கி நடத்தப்பட்டனர். வழியிற் கொலையுண்டோரும், பசியாலும் நோயாலும் மாண்டோரும் ஆறு இலட்சம் என்பாரும், பதினைந்து இலட்சம் என்பாரும் உளர். துருக்கி அரசாங்கம் பலர் மாண்டதை மறுப்பதில்லை. போர்க்காலத்து இடப்பெயர்ச்சியில் இருதிறத்தாரும் உற்ற துன்பமேயன்றி, ஓரினத்தை அழிக்கும் கருத்து அதில் இல்லையென்றே சாதிக்கின்றது.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலவரல்லர். மரூஉ மொழிக்கு எடுத்துக்காட்டுத் தேடிய பொழுதே நாம் இவ்வரலாற்றின் வாயிலை அடைந்தோம். சென்னையில் அரண்மனைக்காரன் தெரு என வழங்குவது ஆர்மீனியக்காரன் தெரு என்பதன் சிதைவாம். அவர்தம் கோயில் ஆங்கு இன்றும் உளது. அவர்தம் மொழியில் உலகத்து முதன்முதல் வெளிவந்த செய்தித்தாளும் 1794-இல் சென்னையிலேயே அச்சாயிற்று.

இனி, மறுப்பைத் தண்டிக்கும் சட்டங்களைக் காண்போம். யூதர் படுகொலையை மறுத்துரைத்தல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குற்றமாகும். டேவிட் இர்விங் என்னும் ஆங்கில எழுத்தாளர் அக்குற்றத்திற்காக 2006-இல் வியன்னாவில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, அவ்வாண்டிறுதியில் விடுவிக்கப்பட்டார். பிரான்சிலும் 1990-இல் இத்தகைய சட்டம் ஏற்பட்டது. ஆர்மீனியர் திறத்திலோ, பிரான்சு 2001-இல் ஒரு சட்டத்தால் அப்படுகொலையை ஏற்றுக்கொண்டதேயன்றி, மறுப்பார்க்குத் தண்டனை விதிக்கவில்லை. அங்ஙனம் விதிக்கும் சட்டமொன்று 2012-இல் இரு சபைகளிலும் நிறைவேறிய பின், அரசியலமைப்பு மன்றம் பேச்சுரிமைக்கு மாறானதென அதனைத் தள்ளியது. அதே மன்றம் 2016-இல் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, யூதர்க்கு இழைத்த குற்றம் நீதிமன்றத்தாலேயே துணியப்பட்டது என்பதாம்.

இக்காரணத்தைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். ஹிட்லர் அரசின் தலைவர்களை விசாரிக்க நூரம்பர்க்கில் மன்றம் கூடிற்று. 1915-இன் குற்றத்திற்கு அத்தகைய உலக மன்றம் கூடவில்லை. ஏன் கூடவில்லை? 1915 மே 24-ஆம் நாளிலேயே பிரான்சும் பிரிட்டனும் ருஷியாவும் இக்கொலைகள் மனிதகுலத்திற்கும் நாகரிகத்திற்கும் எதிரான குற்றங்கள் என்றும், துருக்கிய அரசின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அவற்றிற்குப் பொறுப்பாவர் என்றும் அறிக்கை விடுத்தன. (ருஷியர் எழுதிய முதல் வரைவில் கிறிஸ்து சமயத்திற்கு எதிரான குற்றம் என்றே இருந்தது, தம் குடியேற்ற நாடுகளிலுள்ள முஸ்லிம் குடிகள் மனம் வேறுபடுவர் என அஞ்சியே ஏனையோர் அதனை மாற்றினர். ஆகவே அவ்வறிக்கை பிறந்த பொழுதே நலமும் உடன்பிறந்தது.) 1919-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் துருக்கியர்தம் படைநீதிமன்றமே தலாத், என்வர் முதலியோர்க்கு, அவர் நாட்டில் இல்லாத நிலையில், மரணதண்டனை விதித்தது. 1920-இல் எழுதப்பட்ட செவ்ர் உடன்படிக்கை குற்றவாளிகளை ஒப்புவிக்குமாறு கூறிற்று. மால்டாத் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட துருக்கியரைச் சிறைவைத்திருந்த பிரிட்டன், தன் கைதிகளை மீட்கும் பொருட்டு 1921-இல் அவர்களை வழக்கின்றியே விடுத்தது. 1923-இல் லோசான் உடன்படிக்கையோடு பொதுமன்னிப்பும் வந்தது. ஆகவே, மன்றம் கூட்டுவோம் என்றவர்களே மன்றத்தைக் கைவிட்டனர். மன்றம் துணியவில்லை என்பதனை இன்று வேற்றுமைக்குக் காரணமாகக் காட்டுதல், கதவைத் தாமே அடைத்துவிட்டு உள்ளே எவரும் வரவில்லை என்பதனையொக்கும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2015-இல், ஆர்மீனியர் படுகொலையை மறுத்த துருக்கிய அரசியல்வாதி ஒருவரைச் சுவிட்சர்லாந்து தண்டித்தது தவறெனத் தீர்த்தது. நடுவர் பதின்மர் ஒருபாலும் எழுவர் மறுபாலுமாகப் பிரிந்தனர். யூதர் கொலை நிகழ்ந்த நாடுகளில் அதனை மறுத்தல் இன்றும் யூதப்பகையை வளர்ப்பது. சுவிட்சர்லாந்திற்கும் 1915-க்கும் அத்தகைய தொடர்பில்லை என்பது அம்மன்றத்தின் கருத்து. அதனை நாம் இகழோம். ஆயினும், மறுப்பினால் ஆர்மீனியர் உறும் இழிவு எந்நாட்டெல்லையில் குறையும் என்பது நமக்கு விளங்கவில்லை.

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் செயல் இன்னும் வெளிப்படை. அங்கு மறுப்பைத் தண்டிக்கும் சட்டம் இல்லை. வினா, அரசாங்கம் தன் வாயால் என்ன சொல்லும் என்பதே. 1981-இல் ரீகன் தம் அறிக்கையொன்றில் ஆர்மீனியர் இனப்படுகொலை என்னும் சொல்லை வழங்கினார். அதன்பின் வந்தோர் ஆண்டுதோறும் ஏப்ரல் 24-இல் அச்சொல்லை விலக்கியே பேசினர். துருக்கி நேச நாடு. அதன் இஞ்சிர்லிக் விமான தளம் அமெரிக்கப் படைக்கு இன்றியமையாதது. 2007-இல் பிரதிநிதிகள் சபையின் குழுவொன்று ஏற்ற தீர்மானத்தை அரசாங்கம் எதிர்த்து நின்றது. தேர்தலின்போது அச்சொல்லைக் கூறுவேன் என வாக்களித்த ஒபாமா, பதவியேறிய பின் 'பேரிடர்' எனப் பொருள்படும் ஆர்மீனியத் தொடரை ஆண்டு, சொல்லைத் தப்பவிட்டார். (சொல்லாராய்ச்சி செய்யும் நமக்கு இதனினும் நல்ல பாடம் கிடைத்தல் அரிது.) 2019-இல் துருக்கி ருஷியாவினின்று ஏவுகணைகளை வாங்கிச் சிரியாவினுள்ளும் படை செலுத்தியது. அக்டோபரில் பிரதிநிதிகள் சபை 405 வாக்குகளுக்கு 11 என்ற அளவில் தீர்மானத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் மேற்சபையும் ஒருமனதாக ஏற்றது. 2021 ஏப்ரல் 24-இல் ஜனாதிபதி பைடன் அச்சொல்லைக் கூறினார். இடையில் சான்று மாறவில்லை, நட்பே மாறிற்று.

அங்ஙனமாயின் எல்லா மறுப்பையும் தண்டித்தலே முறையோ எனின், அன்றென்பதே நம் கருத்து. அதற்கு நாம் காட்டும் சான்று ஓர் ஆர்மீனியரே. ஹ்ராண்ட் டிங்க் இஸ்தான்புலில் 'ஆகோஸ்' என்னும் இதழை நடத்தியவர். துருக்கியரை இழிவுபடுத்தினார் என்று 2005-இல் அந்நாட்டு நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அவரே மறுவருடம் பிரெஞ்சு மசோதாவைக் கேட்டு, இது சட்டமாகுமேல் பிரான்சுக்குச் சென்று இதனை முதலில் மீறுவேன் என்றார். படுகொலை நிகழ்ந்ததென்பதில் அவர்க்கு ஐயம் இருந்ததில்லை. அதனைச் சொல்லும் உரிமையும் மறுக்கும் உரிமையும் அரசினர் கையிற் போதல் ஆகாதென்பதே அவர் துணிபு. 2007 ஜனவரி 19-ஆம் நாள் தம் அலுவலக வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மசோதா 2011-இல் பிரெஞ்சு மேற்சபையில் தள்ளுண்டது.