பழைய வாளின் வயதை அறிவது எப்படி?

தோட்டக் கோயிலிலோ வீட்டுப் பரணிலோ பழைய வாள் ஒன்று கிடக்கிறது. அதன் வயது என்ன? பலர் முதலில் கைப்பிடியைத்தான் பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஒரே வாளில் அலகுக்கு ஒரு வயதும் கைப்பிடிக்கு வேறொரு வயதும் இருக்கலாம்.

ஐரோப்பிய வாள்களை ஜொகூர் அன்றே கண்டிருக்கிறது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், 1587-இல் கோத்தா திங்கி வட்டாரத்தில் உள்ள ஜொகூர் லாமா கோட்டையைத் தாக்கி அழித்தனர். இந்தியாவுக்கும் அவர்கள் வாள் அலகுகளைக் கொண்டு சென்றனர். அங்குள்ள கொல்லர்கள் அவற்றை உள்ளூர்க் கைப்பிடியில் பொருத்தினர். அப்படிப் பிறந்த வாளுக்கு ‘ஃபிரங்கி’ என்று பெயர். தமிழில் வழங்கும் ‘பரங்கி’யும் இதே வேர்ச்சொல்தான். பல ஃபிரங்கி வாள்களின் பிடிக்கு மேல் நீண்ட முள் ஒன்று இருக்கும். தேவைப்பட்டால் அதையும் பற்றி இரு கையால் வீசலாம்.

அரக்கு சொல்லும் செய்தி

இந்திய வாள்களில் அலகின் வால் பகுதியைப் பிடிக்குள் செருகி அரக்கால் இறுக்குவது வழக்கம். சூடுபட்டால் அரக்கு இளகும், பிடியை மாற்றிவிடலாம். அதனால் ஒரே அலகு தலைமுறைக்கு ஒரு பிடி கண்டிருக்கக்கூடும்.

அலகில் உள்ள முத்திரையையும் அப்படியே நம்ப முடியாது. ஜெர்மனியின் பாசாவ் நகரக் கொல்லர்கள் பொறித்த ஓடும் ஓநாய்ச் சின்னத்தைச் சோலிங்கன் கொல்லர்களும் பொறித்தனர். இத்தாலியின் ஜெனோவா முத்திரையை இந்தியாவிலும் போலி செய்தனர்.

இரு கை வாள்கள்

16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் காலாட்படையினர் ஏந்திய இரு கை வாள் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீளம் கொண்டது. ஆனால் எடை பெரும்பாலும் 2 முதல் 3.5 கிலோதான். சந்தைக்கு வருபவற்றில் பல, 19-ஆம் நூற்றாண்டில் மாளிகைச் சுவர்களை அலங்கரிக்கச் செய்யப்பட்டவை. உண்மையான அலகு பிடியருகே தடித்து, நுனி நோக்கி மெலியும். முழுவதும் ஒரே தடிப்பாக இருந்தாலும், பிடியின் முனையில் திருகு மரையும் நட்டும் தெரிந்தாலும் சந்தேகிக்க வேண்டும்.

தேய்க்க வேண்டாம்

தஞ்சை மராட்டிய அரசு 1855-இல் முடிவுக்கு வந்த பிறகு, அரண்மனை ஆயுதங்களில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலவே சென்னை அருங்காட்சியகத்தில் தப்பின. உப்புத்தாளால் பளபளக்கத் தேய்ப்பதும் சிறிய அளவில் அதே இழப்புதான்: முத்திரையும் பழைய துருவின் நிறமும் போய்விட்டால் வயதுக்குச் சாட்சி இல்லை.

வாள் நுனியில் குத்தும் எலுமிச்சையின் புளிப்பு இரும்பை அரிக்கும். பூசை முடிந்ததும் பழத்தை எடுத்து, அலகைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் மெல்லியதாகப் பூசினால் போதும். தோல் உறை ஈரத்தை இழுக்கும் என்பதால் அதற்குள் நீண்ட நாள் வைக்கக்கூடாது.

மண்ணில் தோண்டும்போது கிடைத்த பழம்பொருளை 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் வாள் ஏந்திச் செல்வது குற்றம்.

வாளைப் பற்றித் தாத்தா, பாட்டி சொன்னதையும் எழுதி, படத்துடன் சேர்த்து வைக்கலாம். அலகு சொல்லாததை அந்தக் குறிப்பு சொல்லும்.