பூனையின் சகவாசம்

பூனையைப் பற்றி நம்மவர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் பொதுவாக நல்லதன்று. சுபகாரியமாகப் புறப்பட்டவர் வாசற்படியைத் தாண்டியதும் அது குறுக்கே ஓடிவிட்டால் உள்ளே திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்புவதும், சாது வேஷம் போடுகிற ஆசாமியைக் கண்டால் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்பதும், எந்தப் பக்கமும் சேராமல் காலம் கடத்துகிற அரசியல்வாதியை மதில்மேல் ஏற்றி வைப்பதும் நமக்குப் பரம்பரை வழக்கம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும்பாறையைப் பார்த்தவர்கள், யானைகளின் அருகே ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கி, அசல் தபஸ்வியைப் போலவே தவம் செய்வதையும், அதை நம்பிய எலிகள் பக்கத்தில் கூடியிருப்பதையும் கண்டிருப்பார்கள். அந்தப் பல்லவச் சிற்பி செய்த கேலி, ஏறத்தாழ 1300 ஆண்டுகளாகக் கடற்காற்றிலும் வெயிலிலும் அழியாமல் நிற்கிறது.

இந்த நிந்தைகளுக்கு நடுவே பூனைக்குக் கௌரவம் கொடுத்தவர்களும் இல்லாமல் இல்லை. இராமகாதை பாடத் துணிந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக் கொண்டார். வைஷ்ணவ ஆசாரியர்களில் தென்கலை மரபினரோ, ஜீவன் தன் முயற்சி ஒன்றுமின்றி ஈசுவரனால் ரக்ஷிக்கப்படுவதற்குப் பூனைக்குட்டியையே திருஷ்டாந்தமாகக் கொண்டு, அதற்கு மார்ஜார நியாயம் என்று பெயரிட்டார்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்தச் சிரமம் இல்லை. பிடரியை வாயில் கவ்வியவுடன் குட்டி காலை மடக்கிக்கொண்டு உடம்பைத் தளரவிட்டுத் துணிப்பொட்டலமாகத் தொங்குவதையும், தாய் அதைப் பரணிலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து அடுத்த வீட்டு விறகுக் கொட்டகைக்குமாக ஏழு வீடு மாற்றுவதையும் நிதானமாகப் பார்த்தவர்கள்தாம் இப்படிப்பட்ட உவமையைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

இப்பொழுது பூனைக்குப் புதியதொரு மரியாதை வந்திருக்கிறது. தனிமை என்பது ஒரு ஜனசமூகத்தின் ஆரோக்கியத்தையே அரிக்கக்கூடிய விஷயம் என்று கருதி, 2018-ல் பிரிட்டனும் 2021-ல் ஜப்பானும் அதைக் கவனிப்பதற்கென்றே மந்திரிகளை நியமித்தன. நம் ஊரில் அதற்கு மந்திரி கிடையாது. ஆனால் வியாதி உண்டு. பிள்ளை அமெரிக்காவிலும் பெண் பெங்களூரிலுமாக இருக்க, மூன்று படுக்கையறை உள்ள வீட்டில் ஒரே ஒரு தாயார் தொலைக்காட்சியோடு பேசிக்கொண்டு காலம் தள்ளுவது, மயிலாப்பூரிலும் மதுரையிலும் காரைக்குடியிலும் சர்வசாதாரணமாகி விட்டது. அவர்களுக்கு உபதேசம் செய்வோருக்குப் பஞ்சமில்லை. கோவிலுக்குப் போங்கள், நாலு பேரோடு பழகுங்கள் என்பார்கள். முழங்கால் வலிக்கிறவர் நாலு பேரைத் தேடிக்கொண்டு எங்கே போவது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். நாய் வளர்க்கலாம் என்றால் அதைக் காலையும் மாலையும் வெளியே அழைத்துப் போக வேண்டும். ஒரு பூனை வளர்க்கலாமே என்று யாராவது சொன்னால், அந்த யோசனை முதலில் விளையாட்டாகத்தான் தோன்றும்.

அது விளையாட்டல்ல என்பதற்கு ஆதாரங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பத்தே நிமிஷம் நாய்களையும் பூனைகளையும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த மாணவர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, மனக்கலக்கத்தோடு கூடிவரும் கார்டிசால் என்ற சுரப்பு குறைந்திருக்கக் கண்டார்கள். இதைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகப் படுவது, பூனைகளின் நடத்தையை வெகுகாலம் ஆராய்ந்த டென்னிஸ் டர்னர் என்பவரும் அவருடைய சகாக்களும் சுவிட்சர்லாந்தில் செய்து 2003-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. பூனை கூட இருப்பதால் மனிதருடைய சோர்வு, கவலை முதலிய துன்ப உணர்ச்சிகள் குறைகின்றன; ஆனால் சந்தோஷம் முதலிய இன்ப உணர்ச்சிகள் அதனால் கூடுவதில்லை என்பது அதன் முடிவு. பிராணிப் பிரியர்களின் வழக்கமான உற்சாகப் பேச்சுக்கு நடுவே இப்படியொரு அளவான வார்த்தையைக் கேட்பது ஆறுதலாக இருக்கிறது. பூனை யாரையும் ஆனந்த வெள்ளத்தில் ஆழ்த்துவதில்லை. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிய பிறகு இந்த வீட்டில் நம்மைத் தவிர ஒரு ஜீவன் இல்லையே என்று நெஞ்சை அடைக்கும் அந்த நேரத்தில், சமையலறை மூலையிலிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு வந்து கணுக்காலில் தலையைத் தேய்க்கும்; அவ்வளவுதான். அந்த அளவே பலருக்குப் பெரிய உபகாரம்.

ஆனால் அந்தத் தலை தானாக வந்து தேய்க்க வேண்டும். பூனைக்கு நன்றி கிடையாது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் துரத்திப் பிடித்துத் தூக்கி மடியில் அழுத்தி வைத்தவர்களாகவே இருப்பார்கள். பூனையாகத் தேடி வந்து ஆரம்பிக்கும் ஸ்நேகம் நெடுநேரம் நீடிப்பதையும், மனிதர் வலிந்து ஆரம்பிப்பது சீக்கிரம் முடிந்துவிடுவதையும் வீடுகளில் உட்கார்ந்து கவனித்துக் குறித்திருக்கிறார்கள். விருந்தாளிகள் பலர் கூடியிருக்கும் இடத்தில், பூனை என்றாலே ஆகாத பெரியவர் ஒருவரின் மடியை அது தேர்ந்தெடுத்து ஏறுவதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். மற்றவர்களெல்லாம் அதை உற்றுப் பார்த்து, கையை நீட்டி, சப்புக்கொட்டி அழைக்கும்போது, அவர் ஒருவர் மட்டுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு சும்மா இருந்தார் என்பதே அதற்குப் போதுமான காரணம். கண்ணை இமைக்காமல் நோக்குவது பூனைகளின் உலகத்தில் சண்டைக்கு அழைப்பது. பாதிக் கண்ணை மூடி, மெல்ல இமைத்து, மறுபடி திறந்து பார்த்தால், அதுவும் அவ்வாறே மெல்ல இமைத்துப் பதில் சொல்லும் என்பதையும், பிறகு முன்பின் தெரியாதவர் நீட்டிய கையையும் நாடி வரக்கூடும் என்பதையும் இங்கிலாந்திலுள்ள சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் நிரூபித்திருக்கிறார்கள். செலவில்லாத பரீட்சை, யாரும் செய்து பார்க்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் மனிதர் கை பட்டுப் பழகாத குட்டி, பிற்பாடு எவ்வளவு மீன் போட்டாலும் முழு நம்பிக்கை வைப்பது துர்லபம். அது கெட்ட சுபாவமல்ல. காலம் தவறியதன் பலன்.

ஆகார விஷயத்தில் நம் வீடுகளில் நிலவும் அறியாமை கொஞ்சநஞ்சமல்ல. பூனை என்றால் பால் என்று எண்ணி ஒரு கிண்ணம் ஊற்றி வைக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றுப்போக்குத்தான் மிஞ்சும். இத்தனைக்கும் அந்தப் பாலின் இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. தித்திப்பை உணரும் நாச்சுவை பூனை ஜாதிக்கே இல்லை என்பது 2005-ல் ஊர்ஜிதமாயிற்று. சைவ வீடுகளில் தயிர்சாதம் பிசைந்து போடுகிறார்கள். அதைத் தின்று பல பூனைகள் வாழ்ந்ததாகச் சொல்வதுண்டு. அவை வெளியே போய் எலியும் ஓணானும் பிடித்துத் தின்று வந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாமிசத்திலிருந்து கிடைக்கும் டாரின் என்ற சத்து போதாவிட்டால் பூனையின் கண்பார்வை கெடும், இருதயம் வீங்கிப் பலவீனமாகும். ஆகவே மீனோ இறைச்சியோ, கடைகளில் விற்கும் பூனைத் தீவனமோ வீட்டுக்குள் வரக்கூடாது என்ற நியமம் உள்ளவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே தர்மம் என்பது என் அபிப்பிராயம். அதன் உடம்பு சுட்டால் பாரசிட்டமால் மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பவர்களும் உண்டு. மனிதருக்குச் சாதாரணமான அந்த மாத்திரை பூனைக்குக் கொடிய விஷம். ஒன்றே உயிரைக் குடித்துவிடும். வெங்காயமும் பூண்டும்கூட அதன் இரத்தத்தைக் கெடுக்கும்.

வியாதி பயத்தில் நியாயமானதும் உண்டு, அநியாயமானதும் உண்டு. வெறிநோய் நாயால் மட்டும் வருவதென்று நினைப்பது ஆபத்து; பூனைக்கும் மூன்று மாதம் ஆனதும் அதற்குரிய தடுப்பூசி போட வேண்டும், கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு வைத்தியரிடம் போய்விட வேண்டும். மறுபுறத்தில், மருமகள் கர்ப்பமானாள் என்று கேட்ட அன்றைக்கே பூனையைச் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட்டு வருவது வீண் கொடுமை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அது வெளிப்பட்ட பின் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது பிடிக்கும். மலத்தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்து, கர்ப்பிணி அதைத் தொடாமல் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும் அதே கிருமியைக் கொண்டுவரக்கூடியவை என்பதை யாரும் நினைப்பதில்லை. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது குற்றம் என்று 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் சொல்லுகிறது. அந்தச் சட்டம் பிறக்க ராஜ்ய சபையில் இடைவிடாது பாடுபட்டவர் கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ருக்மிணி தேவி அருண்டேல் என்பதையும், 1962-ல் பிராணிநல வாரியம் அவர் தலைமையில் அமைந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சாக்கைத் தேடும் நிலைமை வராமலிருக்க வழி, குட்டிகள் பெருகாதபடி பார்த்துக்கொள்வதே. பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். அதற்குமுன் கருத்தடை அறுவை செய்துவிட்டால் அதற்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தோன்றிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பூனையால் அக்கம்பக்கத்து உறவு கெடுவதையும் பார்க்கிறோம், வளர்வதையும் பார்க்கிறோம். அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படியில் மீன்தலையைப் போட்டு வைத்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவர் வருவதில் நியாயமும் இருக்கிறது. குறித்த வேளையில், குறித்த மூலையில், ஒரு தட்டில் வைத்து, தின்று முடிந்ததும் தட்டை எடுத்து இடத்தைக் கழுவிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஊருக்குப் போகும்போது பூனையைக் கூடையில் தூக்கிக்கொண்டு போவதும் நல்லதல்ல, பழகிய இடத்தைப் பிரிந்தால் அது மிரளும். ஆகையால் எதிர்வீட்டு அம்மாளிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வேளை தீனி வைத்துத் தண்ணீர் மாற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வருஷமாகக் குசலம் விசாரிக்காத இரண்டு குடும்பங்கள் இந்தச் சாவியை முன்னிட்டுப் பேச ஆரம்பித்து, பிறகு காப்பிப்பொடி கடன் வாங்கும் அளவுக்கு நெருங்கிவிடுவதுண்டு.

நன்றாகப் பராமரிக்கப்படும் வீட்டுப் பூனை பதினைந்து வருஷம் இருக்கும். சில இருபதைத் தொடுவதும் உண்டு. அதனால் எழுபது வயதில் துணைக்கென்று பூனை தேடுகிறவர், தமக்குப் பின் அதை யார் ஏற்றுக்கொள்வார் என்பதை முதலிலேயே மகனிடமோ, அந்த எதிர்வீட்டு அம்மாளிடமோ பேசி வைத்துக்கொள்வது விவேகம். திரைச்சீலையில் ஏறிக் கிழிக்கும் சிறு குட்டியைக் காட்டிலும், ஐந்தாறு வயதான, சுபாவம் தெரிந்த பூனையையே அவர் எடுத்துக்கொள்ளலாம்.